படமா, கணிதமா?

கேள்வி: எபேனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எதைக் கட்டினாலும் முதலில் யூஎம்எல் படம் (மென்பொருளைப் பெட்டியும் அம்புமாக வரைவது) போட்டுவிட்டுத்தான் கோட் எழுதுவோம். புதிதாக வந்த மூத்த பொறியாளர், படத்தை நம்பாதே, ஃபார்மல் மெத்தட்ஸ், அதாவது மென்பொருளைக் கணிதமாக எழுதிச் சோதிக்கும் முறைகளைக் கற்றுக்கொள் என்கிறார். இரண்டும் ஒத்துப்போகுமா?
வாசகி, ரோஸ் ஹில்

பதில்: ஒத்துப்போகும், சகோதரி. ஆனால் எல்லாவற்றையும் கணிதமாக்கப் புறப்பட்டால் பாதியிலேயே அலுத்துவிடும், அதனால் தவறினால் பெரிய சேதம் வரும் இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

கோயில் மண்டபத்தை ஆன்லைனில் பதிவு செய்யும் செயலி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தேதி காலி, பிடித்து வைத்தது, பணம் கட்டியது, படத்தில் மூன்றே பெட்டி. பிடித்து வைத்து 15 நிமிடத்தில் பணம் வராவிட்டால் மறுபடி காலி. கூட்டத்தில் படத்தைக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இப்போது அதையே அலாய் என்ற மொழியில் (விதி எங்காவது உடைகிறதா என்று அதன் கருவியே தேடிப் பார்க்கும்) எழுதி, ‘ஒரு தேதிக்கு இரண்டு பேர் பணம் கட்டியிருக்கக்கூடாது’ என்ற விதியைச் சேருங்கள். எழுதும்போதே வங்கி எப்போது பதில் தரும் என்று சொல்ல வேண்டிவரும். எப்போது வேண்டுமானாலும் என்று எழுதி ஓடவிட்டால், கருவி ஒரு கதையைக் கொண்டுவந்து வைக்கும்: முதல் குடும்பம் வங்கிப் பக்கத்தில் காத்திருக்கும்போதே 15 நிமிடம் தீர்ந்துவிடுகிறது, இரண்டாவது குடும்பம் அதே முகூர்த்த நாளைப் பிடித்துப் பணமும் கட்டிவிடுகிறது, அப்புறம் முதல் குடும்பத்தின் பணமும் வந்து சேர்கிறது. தாமதமாக வரும் பணத்துக்கு நம் படத்தில் அம்பே கிடையாது!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அலாய் அந்தக் கதையைப் படமாகவே காட்டும் என்பது. கணிதம் தெரியாத சக ஊழியரும் பார்த்துப் புரிந்துகொள்வார். பிறகு உங்கள் படத்தில் ‘திருப்பித் தர வேண்டிய பணம்’ என்று நாலாவது பெட்டி வரும். படம் பேசுவதற்கு, கணிதம் சோதிப்பதற்கு, இரண்டும் மாறிமாறிப் போக வேண்டும்.

உங்கள் மூத்தவருக்கும் ஒரு வார்த்தை. படம் என்றாலே துல்லியம் இல்லை என்பது சரியல்ல. கணினி அறிஞர் டேவிட் ஹரேல் 1987இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் (ஒன்று எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறும் என்று காட்டுவது) படமும்தான், துல்லியமும்தான். யூஎம்எல் படத்தில் சொல்ல முடியாத விதிகளை எழுதவே ஓசிஎல் என்ற மொழி இருக்கிறது. படமாக வரைந்ததை ஈவென்ட்-பி என்ற கணித மொழிக்கு மாற்றித் தரும் யூஎம்எல்-பி என்ற கருவியும் உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள்: அலாய் நீங்கள் கொடுத்த எல்லைக்குள்தான் தேடும். மூன்று குடும்பம், இரண்டு தேதி என்றால் அவ்வளவுக்குள்தான். மண்டபப் பதிவுக்கு அது தாராளம். 1998இல் திறந்த பாரிஸ் மெட்ரோ 14ஆம் தடத்தில் ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுகிறது, அதன் பாதுகாப்பு மென்பொருள் மாதிரியானவற்றுக்கு அது போதாது; அங்கே பி என்ற ஃபார்மல் முறையில் கணித நிரூபணமே செய்தார்கள். அலாய் இலவசம், ஜாவா இருந்தால் போதும், இந்த வாரமே உங்கள் படம் ஒன்றை எடுத்து அதில் ஒரே ஒரு விதியை எழுதிப் பாருங்கள்.