டெக்கென் படம் எடுக்க ‘ரைட்ஸ்’ வாங்கித் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: முள்ளியவளையில் ஒன்றாகக் கராத்தே பழகும் நண்பர்கள் நாங்கள். சின்ன வயதிலிருந்தே டெக்கென் என்ற சண்டை வீடியோ கேம் விளையாடி வளர்ந்தவர்கள். அந்த கேமை ஆட்களை நடிக்க வைத்து ஒரு மணித்தியாலப் படமாக எடுக்க ஆசை. கனடாவில் இருக்கும் மாமா ஒருவர் காசு தருகிறார். வவுனியாவில் ஒருவர், ஜப்பான் கொம்பனியிடம் படமாக்கும் உரிமை வாங்கித் தருவதாகச் சொல்லி 350,000 ரூபாய் கேட்கிறார். 50,000 முற்பணமாகக் கொடுத்துவிட்டோம். கதையை எங்கள் பெயரில் ‘பதிப்புரிமைப் பதிவு’ செய்யத் தனியாக 40,000 வேண்டுமாம். மிச்சத்தைக் கொடுக்கலாமா? உரிமை இல்லாமல் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்தால் பிரச்சினை வருமா?

பதில்: மிச்சத்தைக் கொடுக்காதீர்கள் தம்பி. இனி ஒரு சதமும் வேண்டாம்.

முதலில் அந்த 40,000. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு என்று ஒன்று கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் கதையை எழுதினாலே உரிமை உங்களுடையது. யாரிடமும் போய் முத்திரை குத்தத் தேவையில்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வியாபாரக் குறிகளைப் பதியும், கண்டுபிடிப்புகளைப் பதியும், கைத்தொழில் வடிவமைப்புகளைப் பதியும். கதையைப் பதியாது. ஆனால் வன்னியில் இந்த ‘பதிவு’ வியாபாரம் ஓய்வதாகத் தெரியவில்லை. என் மேசைக்கு வந்த ஒரு சான்றிதழில் தங்க நிறக் கரை இருந்தது, சிவப்பு அரக்கு முத்திரை இருந்தது, மூன்று மொழியிலும் தலைப்பு இருந்தது. கீழே கையொப்பம் வைத்தவர் எந்த அலுவலகத்தில் என்ன பதவியில் இருக்கிறார் என்பது மட்டும் இல்லை. பாட்டு எழுதுகிற பிள்ளைகளிடமும் குறும்படம் எடுக்கிற பிள்ளைகளிடமும் இப்படித்தான் காசு பறிக்கிறார்கள். கதை எப்போது எழுதப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டுமென்றால், கையெழுத்துப் பிரதியை ஸ்கான் செய்து உங்கள் எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். அதற்கு 40 ரூபாய் டேட்டாகூடச் செலவாகாது.

இனி 350,000. டெக்கென் பண்டாய் நம்கோ நிறுவனத்தின் சொத்து. நம்கோ 1994இல் வெளியிட்ட கேம் அது. அதன் கதை, நாயகன் ஜின் கசாமாவின் முகம், அவனுடைய கறுப்புக் காற்சட்டையில் கிடக்கும் நெருப்பு வடிவம், இரண்டு பக்கமும் கொம்பு போல் எழுந்து நிற்கும் ஹெய்ஹாச்சியின் தலைமயிர், பின்னணி இசை, ‘டெக்கென்’ என்ற பெயர் எல்லாவற்றிலும் உரிமை இருக்கிறது. அதுவும் ஒரே உரிமை அல்ல. இசைக்கும் உருவத்துக்கும் ஒரு வகை, பெயருக்கு வேறு வகை. போதாததற்கு, டெக்கென் 7இல் நீங்கள் விளையாடிய அகுமா என்ற பாத்திரம் கப்கொம் நிறுவனத்தின் ஆள். கீஸ் ஹவார்ட் எஸ்என்கே நிறுவனத்தின் ஆள். இரவலாக வந்தவர்கள். பண்டாய் நம்கோ நாளைக்கே உங்களுக்கு மனமிரங்கி ஒரு கடிதம் தந்தாலும் அகுமாவைத் தர அவர்களால் முடியாது. வவுனியாக்காரர் எப்படித் தருவார்?

படமாக்கும் உரிமையைப் பெரிய நிறுவனங்கள் வழக்கமாக யாராவது ஒருவருக்கு மட்டுமே கொடுக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற இன்னொரு சண்டை கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சினிமா, தொலைக்காட்சி உரிமையை 2023இல் அமெரிக்காவின் லெஜண்டரி நிறுவனம் வாங்கிவிட்டது. அப்படி ஒருவர் கைக்குப் போனபின் வேறு யாருக்கும் விற்க அங்கே ஒன்றும் மிச்சமிராது. டெக்கென் 2010இல் ஹொலிவூட்டில் படமாக வந்தது. அந்த கேம்களுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கிய கட்சுஹிரோ ஹரடா, படம் தனக்குப் பிடிக்கவில்லை என்றும், தாங்கள் மேற்பார்வை செய்ய வழியில்லாத ஒப்பந்தமாக அது அமைந்துவிட்டது என்றும் வெளிப்படையாகவே சொன்னார். கேமைச் செய்தவருக்கே கைக்கெட்டாத உரிமை அது. 350,000 ரூபாய்க்கு வட்ஸ்அப்பில் அதைப் பேசி முடிக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அது என்ன சாமான் என்றே தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்தே உங்களை ஏமாற்றுகிறார்.

அவரைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றைக் கேளுங்கள்: “உங்களுக்கு இதை விற்க அதிகாரம் கொடுத்தது யார்? அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.” கொம்பனியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்திருக்க வேண்டும், ஜிமெயில் அல்ல. எந்த நாட்டில், எந்த மொழியில், எத்தனை வருடத்துக்கு, திரையரங்கா இணையமா என்றெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். பணம் கொம்பனியின் கணக்குக்குப் போக வேண்டும், அவருடைய மச்சானின் கணக்குக்கு அல்ல. “அது இரகசியம், டீல் முடிந்த பிறகுதான் காட்டுவார்கள்” என்று சொல்வார். அதோடு எழும்பி வந்துவிடுங்கள். இந்தத் தரகர்கள் குறிவைப்பது உங்களை அல்ல, வெளிநாட்டுக் காசை. மாமா கனடாவில் என்று தெரிந்த உடனேயே விலை ஏறியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சரி, பெயரை மாற்றினால்? ஜின்னை ‘ஜீவா’ ஆக்கி, அதே காற்சட்டையைப் போட்டு, கேமில் வருகிற அதே தகப்பன் அதே மகனை மலையிலிருந்து தள்ளி விழுத்தி, அதே இரும்பு முஷ்டிப் போட்டியில் திரும்பிவந்து பழிவாங்கினால், பார்ப்பவர் எல்லோருக்கும் அது டெக்கென்தான். நீதிமன்றத்துக்கும் அப்படித்தான் தெரியும். “நாங்கள் விற்கவில்லை, யூடியூப்பில் சும்மா போடுகிறோம்” என்பதும் உங்களைக் காப்பாற்றாது. வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 500,000 ரூபாய் வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. இலங்கையும் ஜப்பானும் பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பேர்ண் உடன்படிக்கையில் இருப்பதால் ஜப்பான்காரரின் படைப்புக்கும் இங்கே அதே பாதுகாப்புத்தான். ஜப்பானிலிருந்து முள்ளியவளைக்கு வழக்கு வருமா என்று சிரிப்பீர்கள். வழக்கு வரத் தேவையில்லை. யூடியூப்பில் முறைப்பாடு வந்தாலே படம் தூக்கப்படும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கை) விழுந்தால் சனலே போய்விடும், அதில் கிடக்கும் உங்கள் கராத்தே வகுப்பு வீடியோக்களும் சேர்ந்து.

இப்போது யாராவது உங்களிடம் கெவின் டன்சரோன் கதையைச் சொல்லுவார்கள். எல்லோரும் சொல்லும் கதை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம். 2010இல் அவர் யாரிடமும் அனுமதி கேட்காமல், சொந்தக் காசில் மோர்ட்டல் கொம்பாட் கேமை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். எட்டு நிமிடம் மட்டில். அது இணையத்தில் தீயாய்ப் பரவியது. உரிமையை வைத்திருந்த வோர்ணர் பிரதர்ஸ் வழக்குப் போடவில்லை. அவரைக் கூப்பிட்டு 2011இல் அதே கேமை வைத்து இணையத் தொடர் எடுக்கக் கொடுத்தது. உண்மைதான். ஆனால் அவர் யார் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதற்கு முந்தைய வருடமே, 2009இல், ஹொலிவூட்டின் ஒரு பெரிய ஸ்டூடியோவுக்கு முழுநீளப் படம் இயக்கி முடித்தவர் அவர். லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். கமராக்காரர், சண்டை அமைப்பாளர், பெயர் தெரிந்த நடிகர்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம். அந்தக் குறும்படம் ஓர் இயக்குநர் தன் தொழில்வட்டாரத்துக்குக் காட்டிய மாதிரி. வோர்ணர் பிரதர்ஸ் பொறுத்துக்கொண்டது அவர்களுக்கு அதில் இலாபம் தெரிந்ததால். பொறுத்துக்கொள்வது அனுமதி ஆகாது. இன்றைக்குப் பொறுத்தவர் நாளைக்கு மாறலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டரிலும் இதே மாதிரிதான்: ஜோயி அன்சா 2010இல் சின்னக் குறும்படம் எடுத்தார், 2014இல் முறையான உரிமத்தோடு தொடர் எடுத்தார். அவரும் ஏற்கெனவே ஹொலிவூட் படத்தில் சண்டை போட்டு நடித்தவர். இந்த இருவரையும் பார்த்து மாமாவின் காசை இறைக்காதீர்கள்.

அப்புறம் என்ன செய்வது? நீங்கள் ஆசைப்படுவதில் பெரும்பகுதிக்கு உரிமையாளரே இல்லை. கராத்தே அடிக்கு யாரும் உரிமையாளர் இல்லை. சிலம்பத்துக்கு இல்லை. தகப்பனுக்கும் மகனுக்கும் பகை, ஒரு போட்டி, பல ஊரிலிருந்து வரும் வீரர்கள், கடைசிச் சண்டை என்ற எண்ணத்துக்கும் இல்லை. நம் சட்டம் எண்ணத்தைப் பாதுகாப்பதில்லை, அதை ஒருவர் எழுதிய, வரைந்த விதத்தைத்தான் பாதுகாக்கிறது. ஆகவே உங்கள் போட்டியை இரணைமடு அணைக்கட்டில் வையுங்கள். ஒரு பாத்திரம் கம்பு சுழற்றட்டும், ஒன்று கராத்தே அடிக்கட்டும், ஒருத்தி கடலில் வலை இழுத்துத் தோள் பலத்தவளாக இருக்கட்டும். வெள்ளையரோடு போரிட்ட வன்னி அரசன் பண்டாரவன்னியனைத் தொட ஆசையென்றால் தாராளமாகத் தொடுங்கள். 1803இல் நடந்த வரலாற்றுக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அவரைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட நாடகங்களுக்கு உரிமை உண்டு. எழுதியவர் இறந்து 70 வருடம் வரை அது நீடிக்கும். பள்ளிக்கூட மேடையில் பார்த்த வசனத்தை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். கேமின் இசையும், ஆள் தோற்று விழும்போது வரும் அந்த ‘கே.ஓ.’ குரலும் வேண்டாம். அதைத்தான் யூடியூப் இயந்திரம் முதலில் பிடிக்கும்.

கேமில் பிடித்த விடயம் ஒன்றை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொருவருக்கும் ஒரு தனிச் சண்டைமுறை. கண்ணை மூடிக்கொண்டு அடியின் சத்தத்தைக் கேட்டாலே யார் என்று தெரிய வேண்டும். இந்தக் கேம்களை வைத்து வந்த படங்களில் பல தோற்றது, இருபது பாத்திரங்களையும் காட்டிவிட வேண்டும் என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்ததால்தான். உங்களுக்கு நான்கு பேர் போதும்.

இன்னொன்று. உரிமை என்று ஜப்பானைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், தங்களுக்குள் ஒரு துண்டுக் கடதாசி எழுதுவதில்லை. கதை யாருடையது, படம் யாருடையது, மாமா தருவது கடனா பங்கா அன்பளிப்பா, எந்தச் சனலில் போடுவது, அந்தச் சனலின் கடவுச்சொல் யாரிடம்? இதையெல்லாம் தமிழில் எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். எடிட் செய்து கொடுத்தவர் தன் சனலில் போட்டுவிட்டு, படம் நன்றாக ஓடியதும் தொலைபேசியைத் தூக்காமல் விட்டதாக எத்தனை பிள்ளைகள் வந்து அழுகிறார்கள் தெரியுமா? படப்பிடிப்புக்கு முன் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவித்துப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். படைச் சீருடை போன்ற உடுப்பையும் பொம்மைத் துப்பாக்கியையும் தெருவுக்குக் கொண்டுவராதீர்கள். எங்கள் பகுதியில் அதை யாரும் நடிப்பாகப் பார்க்க மாட்டார்கள். ட்ரோனுக்கும் முறையான அனுமதி வேண்டும்.

உங்கள் படத்தை வேறு யாராவது திருடினால் வழக்குப் போட எங்கே போக வேண்டும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு. முல்லைத்தீவிலிருந்து விடிய முன் பஸ் ஏறி, தவணை போட்டால் திரும்பி வந்து, அடுத்த தவணைக்கு மறுபடி ஏறி. புலமைச் சொத்து அலுவலகமும் கொழும்பில்தான். சட்டம் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வன்னியில் ஒரு மாவட்டச் செயலகத்திலாவது தமிழில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மேசையும் ஒரு கதிரையும் போட்டிருக்கலாம். அந்த மேசை இல்லாததால்தான் தரகரின் மேசைக்கு முன்னால் இவ்வளவு பேர் குந்தியிருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன்.

கடைசியாக, கொடுத்த 50,000. பற்றுச்சீட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வங்கியில் போட்ட துண்டு, வட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எல்லாவற்றையும் இன்றே சேமியுங்கள், அவர் அழிக்கக்கூடும். பிறகு ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதியில் இன்ன வேலைக்கு இவ்வளவு பணம் தந்தோம், விற்பனை அதிகாரத்துக்கான ஆவணத்தை 14 நாளுக்குள் காட்டுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று. பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபால் துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். 14 நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். இந்த அளவு காசுப் பிணக்கு முதலில் அங்கேதான் போக வேண்டும். சட்டத்தரணி தேவையில்லை, அவரும் சட்டத்தரணியைக் கூட்டிவர முடியாது. போலிக் கடிதம் ஏதாவது காட்டியிருந்தால் அது வேறு விடயம். அதன் படத்தோடு பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மாமாவுக்கும் இன்றைக்கே அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுங்கள். தரகர்கள் அடுத்ததாக நேரடியாக அவரைத்தான் பிடிப்பார்கள்.