முந்திரி கத்லி சாப்பிட்டதும் வந்தது காணாக்கடியா?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது, எடை 16 கிலோ. போன மாதம் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் ஒரே ஒரு முந்திரி கத்லி சாப்பிட்டான். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, வயிறு முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. இரண்டு முறை வாந்தி எடுத்தான், விடாமல் இருமினான். என் மாமியார் காணாக்கடி என்று சொல்லி, வெற்றிலையில் மிளகை மடித்து மெல்லக் கொடுத்தார். பக்கத்து மெடிக்கலில் செட்ரிசின் சிரப்பும் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அடுத்த முறை வந்தாலும் இதே போதுமா? என் கணவருக்கும் இறால் சாப்பிட்டால் வாய் அரிக்கும். முன்கூட்டியே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடுவார்.
- வாசகி, கரூர்

பதில்: போதாது. உங்கள் பையனுக்கு அன்று வந்தது வெறும் தடிப்பு இல்லை. ஒரு பொருளைச் சாப்பிட்ட சில நிமிடங்களில் தோலில் தடிப்பு, கூடவே வாந்தி, இருமல் என்று உடம்பின் இரண்டு மூன்று இடங்கள் ஒன்றாகப் பாதிக்கப்பட்டால் அதை அனாஃபிலாக்சிஸ் என்கிறோம். உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஒவ்வாமை. பலருக்கு அது தானாகவே அடங்கிவிடுவதும் உண்டு. அன்று உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பெயர் மட்டும் மிளகுக்கும் சிரப்புக்கும் போயிருக்கிறது.

செட்ரிசின், ஏவில் போன்றவை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அதுவும் அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து. வீங்கும் தொண்டையை அவற்றால் திறக்க முடியாது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தவும் முடியாது. அதைச் செய்கிற மருந்து அட்ரினலின். கசியும் ரத்தக்குழாய்களை இறுக்கி, சுருங்கிய மூச்சுக்குழாய்களை விரித்து, சில நிமிடங்களில் ஆளை மீட்டுவிடும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் (சிறு கண்ணாடிக் குப்பி) உங்கள் பையனின் எடைக்குச் சுமார் 0.15 மில்லிதான் அளவு. பெரியவர்களுக்கு 0.5 மில்லி. கேட்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் போடுவோம். விலை அதிகமில்லாத, பழைய மருந்து. ஆனாலும் பல இடங்களில் முதலில் ஏவிலும் டெக்ஸா என்கிற ஸ்டீராய்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். சக மருத்துவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: "அட்ரினலின் போட்டாச்சா டாக்டர்?" என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு தென்னை ஏறும் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். மரத்தில் கதண்டு கொட்டியிருந்தது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் இறங்கி, தானே படி ஏறி வந்தவர் கடைசிப் படியில் அப்படியே சரிந்தார். நாடி கிடைக்கவில்லை. உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. படுக்கவைத்து, காலை உயர்த்தி, தொடையில் அட்ரினலின் போட்டு, சலைன் ஓடவிட்டோம். பத்து நிமிடம் இருக்கும், கண்ணைத் திறந்து, "என் செருப்பு எங்க?" என்றார்.

அவரிடமிருந்து நான் கற்றது இரண்டு. தடிப்பு இல்லை என்பதற்காக ஒவ்வாமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று, இந்த நிலையில் இருப்பவரை எழுப்பி நடக்கவைக்கவே கூடாது. அழுத்தம் விழுந்திருக்கும்போது திடீரென எழுந்தால் இதயத்துக்குத் திரும்ப ரத்தம் இருக்காது. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரட்டும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். படுத்த வாக்கில் கையில் ஏந்துங்கள்.

சரி, குழந்தையிடம் எதைப் பார்ப்பது? தடிப்பு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். குரலைக் கேளுங்கள்: கம்மிப்போகிறதா, அழுகை கரகரக்கிறதா? எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிடுகிறானா? விடாத இருமல், மூச்சில் விசில் சத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, முகம் வெளிறுவது, விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரெனத் துவண்டு மடியில் சாய்வது. கடைசியாகச் சொன்னதைத்தான் வீட்டில் "அசந்து தூங்குறான், தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் என்றால் தலை சுற்றுது, தொண்டையை அடைக்குது என்று வாயால் சொல்லிவிடுவார்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். தடுப்பூசி போடுகிற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அட்ரினலின் வைத்திருப்பார்கள். அங்கே ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்காமல், "முந்திரி சாப்பிட்டான், அலர்ஜி, மூச்சு விட முடியல" என்று உரக்கச் சொல்லுங்கள். சரியானதும் கிளம்பிவிடவும் வேண்டாம். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மறுபடி தலைதூக்குவது உண்டு.

மாமியாரோடு எனக்குச் சண்டை இல்லை. காரணமே தெரியாமல் வந்து போகிற தடிப்புக்குக் காணாக்கடி என்பது பொருத்தமான பெயர்தான். குழந்தைகளுக்கு நாள்கணக்கில் வந்து வந்து மறைகிற தடிப்புக்குப் பெரும்பாலும் சளி, காய்ச்சல் கொண்டுவந்த வைரஸ்தான் காரணம், சாப்பாடு இல்லை. அதற்குச் செட்ரிசினே போதும். ஆனால் இருமிக்கொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் இருக்கிற பிள்ளை வாயில் வெற்றிலையையோ மிளகையோ திணிக்காதீர்கள். புரையேறினால் அது தனி ஆபத்து.

முந்திரியை இப்போதே நிறுத்துங்கள். பிஸ்தாவையும்தான். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரிகிற முந்திரியை எடுத்துப் போட்டுவிடலாம், கல்யாண வீட்டு வெள்ளைக் குருமாவில் அரைத்துவிட்ட முந்திரியை என்ன செய்வீர்கள்? பொங்கலில் முந்திரியை ஒதுக்கிவிட்டுக் கொடுப்பதும் கூடாது, நெய்யிலேயே அது இறங்கியிருக்கும். கடலை மிட்டாய், பால், முட்டை எல்லாம் இதுவரை தொந்தரவில்லாமல் சாப்பிடுகிறான் என்றால் அப்படியே தொடரட்டும். பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை இளைக்கவைக்க வேண்டாம்.

ஒவ்வாமை நிபுணர் அல்லது குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முந்திரிக்கான தோல் பரிசோதனை அல்லது ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனை போதும். நூறு பொருளுக்கு ஒரே ரத்தத்தில் பார்க்கும் பேக்கேஜ் வேண்டாம். அதில் பாசிட்டிவ் என்று வருகிற பலவற்றை அந்தக் குழந்தை நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும். தோல் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசினை நிறுத்திவிட வேண்டும். தானாக ஊசி போடும் அட்ரினலின் பேனா நம்மூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் சிரிஞ்சும் வீட்டில் வைக்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். அவர் அளவைக் குறித்துக் கொடுத்து, உங்கள் கையாலேயே செய்யப் பழக்கிவிட்டால்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறந்தநாள் கேக் அங்கேதான் வெட்டுகிறார்கள்.

அப்புறம் உங்கள் கணவர். எனக்கு அவரைப் பற்றித்தான் கூடுதல் கவலை. மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிட்டால் அரிப்பு என்கிற எச்சரிக்கை மணி மட்டும் அணைந்துவிடும். இதுவரை அரிப்போடு நின்றது அடுத்த முறையும் அங்கேயே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்பிட்டதும் ஓடியாடி வேலை செய்தாலோ, மது குடித்திருந்தாலோ, வலி மாத்திரை போட்டிருந்தாலோ அதே இறால் பல மடங்கு பாடுபடுத்தும். மகனோடு அவரையும் அழைத்துப் போய்ப் பரிசோதியுங்கள். அதுவரை இறால், நண்டு இரண்டும் அவர் தட்டுக்கு வர வேண்டாம். மீனால் இதுவரை தொந்தரவு இல்லை என்றால் அதைத் தாராளமாகச் சாப்பிடட்டும், அதன் புரதம் வேறு.