மிசோரிப் பாட்டியின் பிறந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என் மருமகள் அமெரிக்கர். அவருடைய முன்னோர்களில் ஒரு பாட்டி மிசோரி மாநிலத்துப் பண்ணை ஒன்றில் வாழ்ந்தவர். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கணவர் பெயருக்குக் கீழே 'மேரி, வயது 44, பிறந்தது கென்டக்கி' என்று இருக்கிறது. அவர் யார் வீட்டுப் பெண்? எங்கே தேடுவது?

பதில்: 1850 கணக்கெடுப்பில் அவர் பதினான்கு வயதுச் சிறுமியாக அப்பா வீட்டில் இருந்திருக்க வேண்டும். வீட்டில் இருந்த எல்லோர் பெயரையும் எழுதத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. (அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களின் பெயர்களுக்கு 1870 வரை காத்திருக்க வேண்டும்.) ஆனால் நேராக 1850-க்குப் போகாதீர்கள். கென்டக்கியில் பிறந்த மேரிகளுக்குக் கணக்கே கிடையாது. முதலில் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் கையில் வேண்டும்.

அது பெரும்பாலும் அவருடைய பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழில் கிடைக்கும். மிசோரியில் 1910 முதலான சான்றிதழ்கள், ஐம்பது ஆண்டு கடந்தவை, மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். அதில் தாயின் கன்னிப் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. சரி, அதை நிரப்பத் தகவல் சொன்னது யார்? பல நேரம் மருமகனோ பேரனோதான். மாமியாரின் அம்மா யார் என்று எத்தனை மருமகன்களுக்குத் தெரியும்? அதனால் இரண்டு மூன்று பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் திருமணப் பதிவு. மூத்த பிள்ளை பிறந்த ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னால் போய், மாப்பிள்ளை பெயரை வைத்துத் தேடுங்கள். மாவட்ட நீதிமன்றப் பதிவேடுகள் பலவும் ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இருக்கின்றன.

கணவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தாரா என்று கட்டாயம் பாருங்கள். இருந்து, மேரிக்கு முன்பே இறந்திருந்தால், விதவை ஓய்வூதியக் கோப்பு ஒன்று வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. கல்யாணம் நடந்ததையும் பிள்ளைகள் பிறந்ததையும் அந்த அம்மா நிரூபிக்க வேண்டியிருந்தது. கல்யாணத்தைப் பார்த்தவர்கள், பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஆகியோரின் வாக்குமூலங்கள் இருக்கும். சில கோப்புகளில் குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பிறப்புப் பக்கமே இருக்கிறது.

1890 கணக்கெடுப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921 ஜனவரித் தீவிபத்துக்குப் பிறகு அதில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. 1900-ல் மேரி உயிரோடு இருந்தால், அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று இரண்டு எண்கள் இருக்கும். 11, 7 என்று பார்த்தால் அதற்குள் இறந்துபோன நான்கு பிள்ளைகள் உண்டு. வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பத்து ஆண்டில் ஏழு வயது கூடிய பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குடும்பப் பெயர் கிடைத்ததும் 1850-க்குப் போங்கள். பொருந்தும் அப்பா ஒருவர் அகப்பட்டால், அந்த மாவட்டத்தில் அவருடைய உயில் இருக்கிறதா என்று தேடுங்கள். 'என் மகள் மேரி, இன்னாரின் மனைவி' என்ற ஒரு வரி போதும். இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரத்தை அதுவரை தொடாதீர்கள்.