குளியலறைப் பூஞ்சையும் அடுப்படி மஞ்சள் கறையும்: வாசகர் கேள்வி பதில்

குளிக்கும் இடத்துக் கண்ணாடித் தடுப்பின் அடியில் பூசிய வெள்ளை சிலிக்கோன் கறுத்துவிட்டது. வாரம் தவறாமல் பிளீச் ஊற்றித் தேய்க்கிறேன். நாலே நாளில் திரும்பி வருகிறது. என்ன செய்வது? (வாசகி, பொங்கோல்)

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். இவ்வளவு சீக்கிரம் கறுப்பு திரும்புகிறது என்றால், பூஞ்சை சிலிக்கோனுக்குள்ளேயே வேரோடிவிட்டது. பிளீச் மேலே வெளுக்குமே தவிர உள்ளே இறங்காது. முரட்டு பிரஷ் போடும் கீறல்களில் சோப்புப் படிவு தங்கும். அது பூஞ்சைக்கு நல்ல தீனி.

பழையதை வெட்டியெடுத்துப் புதிதாகப் பூசுவதுதான் வழி. கட்டர் கத்தியால் இரண்டு ஓரமும் கீறி, பிளாஸ்டிக் சுரண்டியால் ஒரு படலம்கூட மிஞ்சாமல் எடுங்கள். காய்ந்த சிலிக்கோன்மேல் புது சிலிக்கோன் ஒட்டாது. பழையதன் மேலேயே பூசித் தருகிறேன் என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 60 மில்லி பிளீச் கலந்து இடுக்கில் தடவி, 10 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோ அமோனியா கலந்த திரவமோ பிளீச்சோடு சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

பிறகு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான். ஈரத்தின்மேல் பூசிய சிலிக்கோன் சீக்கிரமே ஓரம் பிரியும், அந்த இடைவெளியில் தண்ணீர் நிற்கும். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பூஞ்சைத் தடுப்பு சேர்த்த ‘சானிட்டரி’ வகை நியூட்ரல் சிலிக்கோனைப் பூசுங்கள். ஒரே இழுப்பாக வழித்து, மேலே ஆடை கட்டும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்குத் தண்ணீர் படக் கூடாது.

இனி மறுபடி வராமல் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். ஆகவே இரவு பத்து மணிக்குக் குளித்த அறை மறுநாள் நண்பகல்வரைகூட முழுசாகக் காய்வதில்லை. கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் கண்ணாடியையும் சுவரையும் ஒரு முறை வழித்துவிட்டால், அந்த ஒரு நிமிட வேலை பெரும்பாலான தண்ணீரைக் கீழே இறக்கிவிடும். ஈரத் துண்டை உள்ளே தொங்கவிடாதீர்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதானால் அளவைக் கணக்குப் பாருங்கள். 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரமுள்ள அறையில் 7.2 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்குப் பத்து முறை அதை மாற்ற 72 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் வேண்டும். குளித்து முடித்தபின் 30 நிமிடம் ஓடட்டும். ஃபேன் ஓடும்போது பக்கத்துச் சன்னலை மூடிவிட வேண்டும். திறந்திருந்தால் அது சன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளும். அறையின் ஈரம் அசையாது. காற்று கதவுக்கு அடியிலிருந்து வரட்டும். அங்கே 1 செ.மீ. இடைவெளியாவது வேண்டும்.

கழிவறைக் கூரையில் கறை. பூஞ்சைத் தடுப்பு பெயின்ட் அடித்தால் போதுமா? (வாசகர், ஈசூன்)

கறை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். குளிக்கும் இடத்துக்கு மேலும் மூலைகளிலும் கரும்புள்ளிகளாகச் சிதறியிருந்தால் அது நீராவி படிந்த பூஞ்சை. அதைக் கொன்று, சுரண்டி, இரண்டு நாள் காயவிட்டு, சீலர் எனும் அடிப்பூச்சு ஒரு கோட்டும் பூஞ்சைத் தடுப்பு பெயின்ட் இரண்டு கோட்டும் அடிக்கலாம். உயிரோடிருக்கும் பூஞ்சைமேல் அடித்த பெயின்ட் நிற்காது.

பழுப்பு வளையம், உப்பிய பெயின்ட், வெள்ளை உப்புப் பொடி தெரிந்தால் மேல்வீட்டுத் தரையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. பெயின்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கூரைக் கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் கூட்டுப் பொறுப்பு. முதலில் மேல்வீட்டாரிடம் நயமாகப் பேசுங்கள், பிறகு கழகத்திடம் தெரிவியுங்கள். பழசாகித் தேய்ந்ததால் வந்த கசிவுக்குக் கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் பாதிச் செலவு கிடைக்கும். மீதியை இரு வீட்டாரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

அடுப்படியைப் புதுப்பிக்கப் போகிறோம். தினமும் தாளிப்பு, மஞ்சள், எண்ணெய். அலமாரிக்கும் மேடைக்கும் எதைப் போடுவது? (வாசகி, தெம்பனிஸ்)

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிதான் முதலில் கெடும். மரத்தூள் பலகையின் மேல் ஒட்டிய லேமினேட்டில் தண்ணீர் நுழையாது. வெட்டிய ஓரத்தில்தான் நுழையும். குறிப்பாகக் குழாய்க்காகத் துளைத்த ஓட்டையை யாரும் அடைப்பதில்லை. ஒரு முறை ஊறி உப்பிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. தொட்டிக்குக் கீழ் மட்டுமாவது அலுமினிய அலமாரி போடுங்கள். மற்ற இடங்களில் ப்ளைவுட் போதும்; வெட்டிய விளிம்பையும் துளையையும் சிலிக்கோனால் அடைக்கச் சொல்லுங்கள்.

மேடைக்கு குவார்ட்ஸ் நல்லது. தண்ணீரையும் கறையையும் உறிஞ்சாது. ஆனால் அதன் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற பிசின். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை நேராக வைத்தால் கருகி மஞ்சளிக்கும். அதைத் தேய்த்து எடுக்க முடியாது. பிரிமணை வைத்துப் பழகுங்கள்.

மஞ்சள் கறைக்கு எளிதில் இடம் கொடுப்பது டைல்களுக்கு நடுவேயுள்ள சிமெண்ட் கிரவுட். அடுப்புக்குப் பின்புறச் சுவருக்கு, சிமெண்டுக்குப் பதில் ரெசினால் ஆன எப்பாக்சி கிரவுட் கேளுங்கள். விலை கூடுதல், வேலையும் கடினம்: கலந்தபின் சீக்கிரம் இறுகிவிடுவதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, டைல்மேல் படிந்ததை அவ்வப்போதே துடைக்க வேண்டும். விட்டால் பிசுக்குப் படலம் டைலிலேயே தங்கிவிடும். இணைப்பே வேண்டாம் என்றால் டெம்பர்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி. பிளக் பாயிண்ட் எங்கே என்பதைக் கண்ணாடிக்கு அளவெடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். டெம்பர் செய்தபின் அதில் துளை போட முடியாது.

புது பிடிஓ (தேவைக்கேற்ப வீவக கட்டித்தரும்) வீட்டின் குளியலறைத் தரையை உடைத்து வேறு டைல் போடலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

கட்டடம் முடிந்து 3 ஆண்டுகள்வரை உடைக்க அனுமதியில்லை. அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலம் கெடும். மேலேயே ஒட்டலாம். ஆனால் சிமெண்ட் படுகையும் டைலும் சேர்ந்த மொத்தத் தடிமன் 50 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. கதவு தட்டுமா, சாய்வு நீர்ப்போக்கித் துளையை நோக்கி இருக்கிறதா என்று ஒட்டும் முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பளபளப்பான டைல் வேண்டாம், வழுக்காத தன்மையைக் குறிக்கும் ஆர்10 தரமாவது கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.