எஃப்டியை உடைத்து வீடு வாங்கிவிட்டு அப்புறம் கடன் எடுக்கலாமா?

கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "75 லட்சம் எஃப்டி இருக்கிறது. வாடகைக்கு விட 60 லட்சத்தில் ஒரு ஃப்ளாட் பேசியிருக்கிறேன், விற்பவர் பத்து நாளில் முழுப் பணமும் கேட்கிறார். எஃப்டியை உடைத்து வாங்கிவிட்டு, பிறகு வீட்டின்மேல் கடன் எடுத்துத் திரும்ப எஃப்டி போட்டுவிடலாமா?"

போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்க முடியாது. வீடு வாங்க எடுத்த கடனுக்குத்தான் அந்தக் கழிவு; இங்கே வீட்டை வாங்கியது உங்கள் சொந்தப் பணம், கடன் போனது எஃப்டிக்கு.

அதனால் எஃப்டியை உடைக்காதீர்கள், அதன்மேல் ஓவர்டிராஃப்ட் (சுருக்கமாக ஓடி, எஃப்டியை ஈடாக வைத்து எடுக்கும் கடன்) எடுங்கள். பெரும்பாலான வங்கிகளில் 90 சதவீதம் வரை கிடைக்கும், எஃப்டி வட்டியைவிட 1 சதவீதம் போலக் கூடுதல். உங்களுக்கு 67.5 லட்சம் வருகிறது, முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று 5.4 லட்சமும் அதிலேயே அடங்கிவிடும். (ஐந்தாண்டு வரிசேமிப்பு எஃப்டியாக இருந்தால் கடன் கிடையாது, முதலில் அதைப் பாருங்கள்.) பணம் அந்த ஓடி கணக்கிலிருந்தே நேராக விற்பவருக்கு ஆர்டிஜிஎஸ் வங்கிப் பரிமாற்றத்தில் போகட்டும், சேமிப்புக் கணக்கு வழியாகச் சுற்றவிடாதீர்கள், அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யுடிஆர் எண்ணைக் கிரயப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம், அதாவது 60,000 ரூபாய் டிடிஎஸ் (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கவேண்டியதும் உங்கள் வேலைதான்.

பிறகு வங்கிக்கடன் எடுத்து இந்த ஓடியை அடைத்தால், முதல் கடனை அடைக்க வாங்கிய இரண்டாவது கடனின் வட்டிக்கும் கழிவு உண்டு. மத்திய நேரடி வரிகள் வாரியம் 1969-லேயே சுற்றறிக்கை போட்டிருக்கிறது. ஆனால் அதற்குத்தான் போனது என்று நீங்கள் நிரூபிக்கவேண்டும், ஆகவே புதுக் கடன் ஓடி கணக்கிலேயே வந்து விழட்டும்.

இன்னொன்று, பதிவு முடிந்த வீட்டுக்குப் பல வங்கிகள் வீட்டுக்கடன் தராமல் சொத்து அடமானக் கடன் என்று தள்ளிவிடும், அதில் வட்டியும் அதிகம், தொகையும் குறைவு. பத்திரம் போடுவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சரி, எவ்வளவு கடன்? மாத வாடகை 15,000 என்று வையுங்கள், ஆண்டுக்கு 1.8 லட்சம். சொத்துவரியை விட்டுவிட்டு வாடகை வருமானத்தில் எல்லோருக்கும் தரும் 30 சதவீத நிலைக்கழிவு போனால் 1.26 லட்சம். 9 சதவீதத்தில் 14 லட்சம் கடனின் வட்டியே அவ்வளவு வந்துவிடும். புதிய வரிமுறையில் இருக்கிறீர்கள் என்றால் அதற்கு மேல் கட்டும் வட்டியைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆகவே 14 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டாம். அந்த 14 லட்சமும் கையில் ரொக்கம் வேண்டும் என்றால்தான், ஏனென்றால் 7 சதவீத எஃப்டியை வைத்துக்கொண்டு 9-க்குக் கடன் வாங்குவது வரிக்கழிவுக்குப் பிறகும் நட்டக்கணக்குதான். மீதி ஓடியை எஃப்டி முதிரும்போது அடைத்துவிடுங்கள்.