‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்தைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் தாங்க முடியாத இழுவை என்கிறார்கள். உண்மையில் படம் எப்படி? நடிப்பாவது தேறுமா?

இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. 1968-இல் செர்ஜியோ லியோனி எடுத்த இந்தப் படம் இழுவைதான், மனிதர் தெரிந்தேதான் இழுத்திருக்கிறார். அந்த இழுவை பிடித்துப்போனவர்களுக்கு இதற்கு மேல் ஒரு கௌபாய் படம் கிடையாது. பிடிக்காதவர்களுக்கு முதல் கால் மணி நேரத்திலேயே கை தானாக ஃபோனைத் தேடும். நடிப்பைப் பற்றியும் கேட்டிருப்பதால் பதில் கொஞ்சம் நீளும். கதையின் முக்கியமான இடங்களைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஆளரவமற்ற ஒரு ரயில் நிலையம். மூன்று அடியாட்கள் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். பின்னணி இசை இல்லை, பேச்சும் கிட்டத்தட்ட இல்லை. எண்ணெய் காணாத காற்றாலை ஒன்று கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டே இருக்கிறது. ஜாக் இலாம் பெஞ்சில் சாய்ந்து கிடக்கிறார். அவர் முகத்தில் ஓர் ஈ வந்து உட்காருகிறது. கையைத் தூக்கக்கூட சோம்பல். உதட்டைக் கோணி ஊதிப் பார்க்கிறார். ஈ போவதாயில்லை. கடைசியில் அதைத் துப்பாக்கிக் குழலுக்குள் சிக்கவைத்து, விரலால் அடைத்து, காதோரம் வைத்துக்கொண்டு உள்ளே அது ரீங்கரிப்பதைக் கேட்டு ரசிக்கிறார். இன்னொரு பக்கம் வூடி ஸ்ட்ரோடின் மொட்டைத் தலையில் மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நகர்ந்து நிற்கவெல்லாம் மாட்டார், தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அப்புறம் தொப்பியில் தேங்கிய தண்ணீரைச் சாவகாசமாகக் குடிக்கிறார். பத்து நிமிடத்துக்கு மேல் இதுதான் படம். ரயில் வந்து போன பிறகு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து மவுத் ஆர்கன் சத்தம் கேட்கிறது. வந்திருப்பவர் சார்லஸ் பிரான்சன். ‘நமக்கு ஒரு குதிரை குறைகிறதே’ என்று இவர்கள் நக்கலடிக்க, ‘இரண்டு குதிரை அதிகம்’ என்கிறார் அவர். அடுத்த சில நொடிகளில் மூன்று பேரும் காலி.

என் மாமா மகனுக்கு இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டியபோது, ‘வைஃபை போயிடுச்சா, இல்ல படமே இப்படித்தானா?’ என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை. எனக்கோ அந்த ஈக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

அடுத்து வருவதுதான் அந்தக் காலத்து ரசிகர்களை உலுக்கிய காட்சி. மெக்பெயின் என்ற விவசாயி, புது மனைவி வரப்போகிறாள் என்று வாசலில் மேசை போட்டு விருந்து வைத்திருக்கிறார். வண்டுகளின் சத்தம் திடீரென்று நிற்கிறது. மகள் சுருண்டு விழுகிறாள், பிறகு அப்பா, பிறகு மூத்த மகன். கடைக்குட்டிப் பையன் மட்டும் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து அப்படியே நின்றுவிடுகிறான். புதருக்குள்ளிருந்து நீளமான கோட்டுகள் அணிந்தவர்கள் நடந்து வருகிறார்கள். தலைவனின் முதுகைத்தான் முதலில் பார்க்கிறோம். கேமரா மெதுவாக வளைந்து முகத்துக்கு வரும்போது, நீலக் கண்களோடு நிற்கிறார் ஹென்றி ஃபோண்டா. அடியாள் ஒருவன் வாய்தவறித் தலைவனின் பெயரைச் சொல்லிவிட்டதால், சிரித்துக்கொண்டே அந்தப் பிள்ளையையும் சுடுகிறான் ஃபோண்டா நடிக்கும் ஃபிராங்க்.

அந்த முகம் அமெரிக்கர்களுக்கு என்னவாக இருந்தது என்பது தெரிந்தால்தான் இந்த இடத்தின் வேகம் புரியும். 1939-இல் இளம் லிங்கனாக நடித்தவர் ஃபோண்டா. அடுத்த ஆண்டே ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ படத்தில் பஞ்சம் பிழைக்கப் போகும் டாம் ஜோட். 1957-இல் ‘12 ஆங்கிரி மென்’ படத்தில் ஒரு பையனின் உயிருக்காகத் தனி ஆளாக வாதாடும் ஜூரி. நியாயத்துக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் ஹாலிவுட்டில் இவர் முகம்தான். (கடுகடுப்பான பாத்திரங்களும் செய்திருக்கிறார், ‘ஃபோர்ட் அப்பாச்சி’யின் கர்னல் ஒன்றும் தங்கமான மனிதர் இல்லை. ஆனால் மக்கள் மனதில் நின்றது லிங்கன்தான்.)

ஃபோண்டாவுக்கே இது முதலில் பிடிபடவில்லை. வில்லன் என்றால் வில்லன் மாதிரி இருக்க வேண்டாமா என்று மீசை வளர்த்து, பழுப்பு நிறக் கான்டாக்ட் லென்ஸும் போட்டுக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்து இறங்கியிருக்கிறார். லியோனி இரண்டையும் எடுக்கச் சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது அந்த நீலக் கண்கள். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவன் ‘அடக் கடவுளே, இது ஃபோண்டா!’ என்று வாயைப் பிளக்க வேண்டும் என்பதுதான் கணக்கு என்று பின்னாளில் பேட்டிகளில் ஃபோண்டாவே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்குப் படம் பார்க்கும் இருபது வயதுக்காரருக்கு ஃபோண்டா யாரென்றே தெரியாது. அவருக்கு அந்தக் காட்சி கொடூரமான காட்சி, அவ்வளவுதான். ‘வில்லன் நல்லா பண்ணியிருக்காரு’ என்று ஒரு வரியில் கடந்துவிடுவார். இந்தப் படத்தைப் பற்றிய சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

அதிர்ச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஃபோண்டாவின் நடிப்பு நிற்கிறது. ரயில்வே முதலாளி மோர்ட்டனின் பெட்டிக்குள் போகும் ஃபிராங்க், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் இடத்தைக் கவனியுங்கள். பணத்தின் பலம் துப்பாக்கியின் பலத்தைவிடப் பெரியது என்று அவனுக்கு உறைக்கிறது. உட்கார ஆசை, ஆனால் பொருந்தவில்லை. இந்தப் பொருந்தாமையைப் படம் முழுக்க மிகச் சின்னதாகவே காட்டுகிறார். கடைசியில் குண்டடிபட்டுக் கிடப்பவனின் வாயில் பிரான்சன் மவுத் ஆர்கனைத் திணிக்கிறார். இவன் யார், ஏன் இத்தனை காலம் துரத்தினான் என்பது ஃபிராங்குக்கு அப்போதுதான் விளங்குகிறது. ஒரு தலையசைப்பு, ஆள் சரிகிறான். எந்த விருது மேடையிலும் போட்டுக் காட்ட முடியாத நடிப்பு இது.

பிரான்சனைப் பற்றி ‘முகத்தில் ஒரு சலனமும் இல்லை’ என்று குறை சொல்பவர்கள் அதிகம். சலனம் இருந்திருந்தால் படம் கெட்டிருக்கும். சையென் என்ற கொள்ளைக்காரனாக வரும் ஜேசன் ரோபார்ட்ஸ்தான் எனக்குப் பிடித்தவர். இந்தக் கூட்டத்தில் மனிதனைப் போலப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

மெக்பெயினின் புது மனைவியாக வரும் கிளாடியா கார்டினாலே விஷயத்தில் இன்றைய ரசிகர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, வரும் எரிச்சல் நியாயமானது. ரயிலடியில் யாரும் அழைத்துப்போக வராமல் அவர் தனியே நின்று, நிலையத்துக்குள் நுழைய, கேமரா கூரையைத் தாண்டி மேலேறி முழு ஊரையும் காட்டும் இடம் அற்புதம். இசையமைப்பாளர் மோரிக்கோனேயின் இசையை முன்பே தயார் செய்து, படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலிக்கவிட்டு எடுத்தார்கள் என்பதை அந்த நடையைப் பார்த்தாலே நம்பலாம். அப்படி அறிமுகமான பெண்ணிடம், வேலைக்காரர்கள் பின்புறத்தில் தட்டினால் கண்டுகொள்ளாதே என்று சையென் புத்தி சொல்லுவதை என்னாலும் ரசிக்க முடியவில்லை. ஃபிராங்கோடு வரும் படுக்கையறைக் காட்சியும் அப்படியே. காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க நான் தயாரில்லை. ஆங்கிலப் பதிப்பில் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்திருப்பதால் அவர் நடிப்பில் பாதியை நாம் கேட்கவே இல்லை என்பதும் உண்டு.

வெளியானபோது நடந்ததும் இதே இரண்டுபட்ட கதைதான். பிரான்சில் படம் பேய் ஓட்டம் ஓடியது, ஒரு கோடிக்கும் மேல் டிக்கெட்டுகள் விற்றன. அந்த நீளக் கோட்டுகள் அங்கே ஃபேஷனாகவே ஆயின. அமெரிக்காவில் 165 நிமிடப் படத்தில் சுமார் இருபது நிமிடத்தை வெட்டி 1969-இல் வெளியிட்டார்கள், படுத்துவிட்டது. வெட்டுப்பட்டதில் சையென் சாகும் காட்சியும் உண்டு. ரோபார்ட்ஸின் பாத்திரம் எங்கே போனது என்றே தெரியாமல் எழுந்து போன ரசிகனிடம் எப்படிப் பாராட்டை எதிர்பார்ப்பது? அதே நாடு 2009-இல் இந்தப் படத்தைத் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது தனிக் கூத்து.

இன்னும் பார்க்கவில்லை என்றால், முதலில் ‘12 ஆங்கிரி மென்’ பார்த்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம்தான். ஒரு வாரம் கழித்து இதைப் பாருங்கள், 165 நிமிடப் பதிப்புதானா என்று சரிபார்த்துக்கொண்டு. லேப்டாப்பில் வேண்டாம், வீட்டில் இருக்கும் பெரிய டிவியில் போடுங்கள். ஈ வரும்போது ஓட்டிவிடாதீர்கள்.