ஆற்று, கடல் மீன்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்களை பாக்டீரியாக்கள் எப்படி மாற்றுகின்றன?

எம்.எச்.சி. என்ற மரபணுத் தொகுதிதான் இதில் முக்கியம். மீனின் செல் ஒரு பாக்டீரியாவை விழுங்கி நறுக்கியதும், அந்தப் புரதத் துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்தி டி-செல்களுக்கு (நோய் எதிர்க்கும் வெள்ளணுக்களுக்கு) காட்டுவது எம்.எச்.சி. இரண்டாம் வகைப் புரதம். அதிலுள்ள பள்ளத்தில் எல்லாத் துண்டும் உட்காராது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன், ஜூலையில் சார்டின் என்ற சிறு மீனைப் பிடிக்கக் கரைவலை இழுப்பவர்களைக் கேளுங்கள்: கண் பெரிதான வலையில் சார்டின் நிற்காது. அப்படித்தான் ஒவ்வொரு மரபணு வடிவத்துக்கும் பிடிபடுவது வேறு.

பெரும்பாலான மீன்களிடம் ஒரே வடிவம் இருந்தால், அதற்குச் சிக்காத பாக்டீரியாவே பெருகும். பாக்டீரியாவின் தலைமுறை சில மணி நேரம், மீனுக்கோ ஆண்டுகள். அப்போது அரிய வடிவம் உள்ள மீன் பிழைத்து முட்டையிடும், அந்த வடிவம் பரவும். பரவியதும் அதையும் ஏமாற்றும் பாக்டீரியா தலைதூக்கும். ஏரோமோனாஸ் சால்மோனிசிடா என்ற பாக்டீரியா தொற்றிய அட்லாண்டிக் சால்மன்களில் எது பிழைக்கிறது என்பதில் இந்த வடிவங்களுக்குப் பங்குண்டு.

வடிவம் கூடக்கூட நல்லது என்றும் இல்லை. ஸ்டிக்கில்பேக் மீன்களில் நடுத்தர எண்ணிக்கை உள்ளவற்றிலேயே ஒட்டுண்ணி குறைவு. அட்லாண்டிக் காட் மீனின் கதை இன்னும் விசித்திரம்: இரண்டாம் வகையே அதனிடம் இல்லை (2011இல் மரபணுத் தொகுப்பை வாசித்தபோது தெரிந்தது), முதல் வகை மட்டும் ஏராளம்.

நோய் வந்த மீன் தன் மரபணுவைத் திருத்திக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். தனி மீனில் எதுவும் மாறாது, யார் பிழைத்துக் குஞ்சு விட்டார்கள் என்ற கணக்குதான் கூட்டத்தில் மாறுகிறது.